தாளில் எழுதிய வாக்கு: பழைய ரூபாய்த்தாள்களைப் படித்தலும் மதித்தலும்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று அன்பர்கள் கேட்டபோது, ஏட்டுச்சுவடி பற்றியோ கல்வெட்டுப் பற்றியோ நான் எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். நான் எடுத்துக்கொண்டது அவற்றினும் எளிய ஓர் எழுத்தாவணம். நாள்தோறும் நம் கையில் புரள்வது. ஆயினும் நம்மில் எவரும் ஒருமுறையேனும் முழுமையாகப் படித்தறியாதது. ரூபாய்த்தாளைத்தான் குறிப்பிடுகின்றேன்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. என் தாயார் மறைந்தபின் அவருடைய தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தோம். பட்டுச் சேலையொன்றின் மடிப்புக்குள், பழைய நாட்காட்டித் தாளில் பொதிந்து வைக்கப்பட்ட ஐந்து ரூபாய்த்தாள் ஒன்று கிடைத்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பக்கவாட்டு முகம். ரிசர்வ் வங்கி ஆளுநர் சி.டி. தேஷ்முக்கின் கையொப்பம், நான்காக மடித்த தடம், ஒரு மூலையில் மஞ்சள் படிந்த கறை. நீர்க்குறிக்காக வெறுமையாக விடப்பட்ட வெள்ளைப் பகுதியில், நீல மையில், சாய்வான கையெழுத்தில் 'அண்ணன் சீர்' என்ற இரண்டு சொற்கள்.

1944-ஆம் ஆண்டு ஆவணியில் என் பாட்டிக்குத் திருமணம் நிகழ்ந்தது. அவர்தம் தமையனார் இரங்கூனில் அரிசி ஆலை ஒன்றில் கணக்கெழுதியவர். 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பின்போது நடந்தே தாயகம் திரும்பியவர்களுள் அவரும் ஒருவர். தங்கைக்குச் செய்த சீர்ப்பணத்தில் இத்தாளை மட்டும் பாட்டி செலவிடாமல் வைத்துக்கொண்டார் என்று தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன். போர் முடிந்ததும் தமையனார் மீண்டும் இரங்கூன் சென்றார். அதன்பின் அவரைப் பற்றிய செய்தி ஏதும் வரவில்லை. அவர் எழுதிய கடிதம் ஒன்றுகூட எங்கள் குடும்பத்தில் இல்லை.

தாளின் மதிப்பை அறிந்துவருமாறு என் தம்பி வற்புறுத்தவே, பழங்காசு வணிகர் ஒருவரிடம் சென்றேன். நேர்மையான மனிதர். உருப்பெருக்கியால் இருபுறமும் பார்த்தார். விளக்கின் எதிரே பிடித்து நீர்க்குறியைப் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார். "நல்ல நோட்டும்மா. ஆனா மேல எழுதிட்டாங்க, மஞ்சக்கறை வேற இருக்கு. கழுவி, இஸ்திரி போட்டா பார்வைக்கு நிக்கும். தெரிஞ்சவங்க கண்டுபிடிச்சிடுவாங்க" என்றார். பின்னர், இதே கையொப்பமுள்ள இன்னொரு தாளை உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். மடிப்பே விழாதது, எவர் கையும் படாதது போன்றது. என் தாளுக்கு அவர் சொன்ன விலையைப் போலப் பன்மடங்கு அதற்கு.

அந்த இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்த கணத்தில்தான் இக்கட்டுரை தொடங்கிற்று. சுவடிப் பதிப்பில் பழகிய எனக்கு அவர்தம் கணக்குத் தலைகீழாகத் தோன்றியது. ஓர் ஏட்டில் மூலபாடத்தை மட்டுமா நாம் படிக்கின்றோம்? எழுதியவன் பெயர், எழுதி முடித்த நாள், ஓரக் குறிப்பு, பிழைபொறுக்க வேண்டும் வேண்டுகோள், விளக்கெண்ணெய்க் கறை வரை அனைத்தும் நமக்குச் சான்றுகள் அல்லவா? அவ்வாறெனின் பணத்தாளை மட்டும் ஏன் வேறு கண்ணால் பார்த்தல் வேண்டும்? விடை காண்பதற்கு இத்தாளின் பிறப்பு வளர்ப்பைச் சற்றே அறிந்துகொள்ளுதல் நன்று.

இந்தியாவில் காகிதப் பணத்தை முதலில் வெளியிட்டது அரசு அன்று, வங்கிகளே. வங்காள வங்கி, பம்பாய் வங்கி, 1843-இல் தோன்றிய சென்னை வங்கி ஆகிய மூன்றும் மாகாண வங்கிகள் எனப்பட்டன. மூன்றனுள் மிகக் குறைவாகத் தாள் வெளியிட்டது சென்னை வங்கியே. அதன் தாள்களில் சென்னை ஆளுநராயிருந்த சர் தாமஸ் மன்றோவின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. 'எகனாமிஸ்ட்' இதழை நிறுவிய ஜேம்ஸ் வில்சன், 1857 எழுச்சிக்குப்பின் நொடித்துக் கிடந்த இந்திய நிதிநிலையைச் சீர்செய்ய அனுப்பப்பட்டார். அரசே தாள் வெளியிடும் திட்டத்தை அவர் முன்வைத்தார். ஆனால் 1860-இல் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பால் இறந்துபோனார். அத்திட்டம் சில மாற்றங்களுடன் 1861-ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டமாயிற்று. வங்கிகள் தாள் வெளியிடும் உரிமையை இழந்தன. விக்டோரியா அரசியின் உருவம் தாங்கிய முதல் அரசுத் தாள்கள் ஒருபுறம் மட்டுமே அச்சிடப்பட்டவை. கள்ளத்தாள்கள் பெருகியமையால் சில ஆண்டுகளிலேயே அவற்றை விலக்கி, 1867 முதல் அடியில் வண்ணப் பின்னல் அச்சிட்ட புதிய வரிசையைக் கொண்டுவர நேர்ந்தது.

அக்காலத் தாள் நாடெங்கும் செல்லாது. நாடு பல பணவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது: கல்கத்தா, பம்பாய், சென்னை, பின்னர் கான்பூர், லாகூர், கராச்சி, இரங்கூன் என. ஒரு வட்டத்துத் தாள் அவ்வட்டத்துள் மட்டுமே சட்டப்படி செல்லும். பம்பாய்த் தாளைச் சென்னையில் நீட்டினால், மாற்றுவோர் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டே வெள்ளி கொடுப்பர். காசு மாற்றும்போது அவ்வாறு கழித்துக்கொள்ளும் தொகைக்கும் நம் பழைய வழக்கில் 'வட்டம்' என்பதே பெயர். வட்டம் கடந்தால் வட்டம் கொடுக்க வேண்டும்! (நம் இலக்கிய வட்டத்தார் வெளியூர்க் கவியரங்குகளில் பாடும்போது கைதட்டலில் எவ்வளவு கழிகிறது என்பதை அவரவர் எண்ணிக்கொள்க.) 1903-க்கும் 1911-க்கும் இடையில் ஐந்து, பத்து, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நாடு முழுமைக்கும் செல்லத்தக்கவை ஆயின. இன்றைய சேகரிப்பாளர்கள் ஒரு தாளை எடுத்தவுடன் அதில் எந்த ஊர்ப் பெயர் உள்ளதெனத் தேடுவது இவ்வரலாற்றின் எச்சமே.

அக்கால வணிகரின் வழக்கம் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. வெளியூருக்கு அஞ்சலில் பணம் அனுப்புவோர் தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டுவர். ஒரு பாதி முதலில் செல்லும். அது கிட்டியது என்ற மறுமொழி வந்த பிறகே மறுபாதியை அனுப்புவர். வழியில் களவாடுபவனுக்குப் பாதித் தாளால் பயனில்லை. பெற்றவர் இரு பாதிகளையும் எண் பார்த்து ஒட்டிச் சேர்த்துக் கருவூலத்திற்குக் கொண்டுசெல்வார். அவ்வாறு ஒட்டிய தாள்களின் பின்புறத்தில் அவை கைமாறிய வணிகர்தம் ஒப்பங்களையும் காணலாம். ஒரு பாதி வந்து, மறுபாதிக்காக அஞ்சற்காரரை எதிர்நோக்கி வாயிலில் நின்றவர்கள் எத்தனை பேரோ! பிரிவிற்கும் காத்திருப்பிற்கும் உவமை தேடும் கவிஞர்கள் இதனை ஏன் விட்டுவைத்தனர் என்பது எனக்கு விளங்காத ஒன்று.

கவனிக்க: வெட்டி ஒட்டிய இத்தாள்களைச் சேகரிப்பாளர்கள் இகழ்வதில்லை. வெட்டும் ஒட்டும் ஒப்பமும் அக்கால வழக்கத்தின் சான்றுகள் என்று ஏற்று வாங்குகின்றனர். இக்கருத்துக்குப் பிறகு வருவேன்.

இனி மொழியைப் பார்ப்போம். விக்டோரியா வரிசைத் தாள்களில் மதிப்பைக் குறிக்கும் மொழிக்கட்டங்கள் இரண்டு. பின்வந்த பச்சை வரிசையில் நான்கு. எந்த வட்டத்துத் தாளோ அந்த வட்டத்து மக்களின் மொழிகள். அடுத்த சிவப்பு வரிசையில் அவை எட்டாயின. தாள் எங்கும் செல்லத் தொடங்கியபோது எல்லா மொழியினரிடமும் அது பேச வேண்டியதாயிற்று. வெள்ளி ரூபாய்க்கு மொழி தேவைப்படவில்லை. கல்லில் தட்டினால் ஓசை எழும், நிறுத்தால் எடை தெரியும். தாளுக்கோ ஓசையுமில்லை, எடையுமில்லை. அதற்குள்ளது வாக்கு ஒன்றே. கேட்பவன் மொழியில் சொல்லாத வாக்கை எவன் நம்புவான்? இன்றைய ரிசர்வ் வங்கித் தாளின் பின்புறத்தில் மொழிகள் பதினைந்து. ஆங்கில நெடுங்கணக்கு வரிசையில் அவை அடுக்கப்பட்டிருத்தலின், சமஸ்கிருதத்திற்கும் தெலுங்கிற்கும் நடுவே, மேலிருந்து பதின்மூன்றாவதாகத் தமிழ் நிற்கின்றது. இதனை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

இலக்கணம் பயில்வார்க்கு இன்னொரு செய்தி. விடுதலைக்குப்பின் வந்த தாள்களில் இந்தி எழுத்து முதன்மை பெற்றபோது, பன்மை வடிவம் 'ருபயா'வா 'ருபயே'யா என்னும் விவாதம் எழுந்து, 1953-இல் 'ருபயே' எனத் தீர்ந்தது. ஆகவே ஒரே மதிப்புள்ள தாளில் முன்னைய வடிவம் தாங்கியவற்றையும் பின்னைய வடிவம் தாங்கியவற்றையும் சேகரிப்பாளர் வேறு பிரித்து வைக்கின்றனர். பாடவேறுபாட்டுக்கு விலை வைக்கும் கூட்டம் ஒன்று உலகில் இருப்பதறிந்து பதிப்பாசிரியர்கள் மகிழலாம். தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒன்றாயினும் நூறாயினும் நமக்கு 'ரூபாய்'தான்.

தாளில் மொழி நிற்கும் இடத்திற்காகவே ஒரு நாடு கொந்தளித்ததும் உண்டு. மொரீசியசுத் தாள்களில் ஆங்கிலத்தை அடுத்துத் தமிழும், அதன்பின் நாகரி எழுத்தும் இருந்துவந்தன. 1998-இல் அந்நாட்டு மைய வங்கி வெளியிட்ட புதிய வரிசையில் இவ்வொழுங்கு மாறி, நாகரி முன்னும் தமிழ் பின்னுமாக அமைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆட்சியின்போதே புதுச்சேரிப் பகுதியிலிருந்து சென்று அந்தத் தீவில் கட்டடங்களை எழுப்பிய கைவினைஞர்களின் வழிவந்தோர் அங்குள்ள தமிழருள் உளர். தாளில் தமிழ் முன்னிற்பது அம்முதல் வருகைக்குச் சான்று என்பது அவர்கள் கருத்து. எதிர்ப்பு வலுத்தது. வங்கி அத்தாள்களைத் திரும்பப் பெற்று, 1999-இல் பழைய ஒழுங்கின்படி புதிய தாள்களை வெளியிட்டது. சிலகாலமே புழங்கிய 1998-ஆம் ஆண்டுத் தாள்கள் இன்று சேகரிப்பாளர் விரும்பித் தேடும் பொருள்களாகிவிட்டன. பட்டியல்களில் அவை வரிசை எண்ணும் விலையுமாகச் சுருங்கிக் கிடக்கின்றன. நம் மொழி இரண்டாமிடத்திலிருந்து மூன்றாமிடத்திற்குச் சென்று மீண்ட கதையை அந்தத் தாளை வைத்திருக்கும் எத்தனை பேர் அறிவரோ!

முதல் உலகப்போர் தந்த தாள்களைச் சுருங்கச் சொல்லிக் கடக்கின்றேன். வெள்ளி விலை ஏறியது. ரூபாய்க் காசு அடிக்க வெள்ளி போதவில்லை. எனவே 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய்த்தாளும், தொடர்ந்து இரண்டு ரூபாய் எட்டணாத் தாளும் வெளிவந்தன. 1926 சனவரி முதல் நாளோடு இவை நிறுத்தப்பெற்றன. இரண்டரை ரூபாய்த்தாள் இன்று இலட்சக் கணக்கில் பேசப்படும் அரும்பொருள். அதே போரில், 1918-இல் இலண்டனிலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்ட 'சிராலா' என்னும் கப்பல் இங்கிலாந்துக் கரைக்கு அருகிலேயே நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியது. அதில் வந்த ரூபாய்த்தாள்கள் கரை ஒதுங்கின. பெரும்பாலானவை மீட்டு அழிக்கப்பட்டன. தனியார் கையில் தங்கிய சிலவற்றுள் இரண்டு பத்து ரூபாய்த்தாள்கள் 2024-இல் இலண்டன் ஏலத்திற்கு வந்தன. இந்தியக் கை ஒன்றுகூடத் தொடாத இந்திய ரூபாய்கள் அவை.

என் தாளின் காலத்திற்கு வருவோம். ரிசர்வ் வங்கி 1935-இல் தோன்றியது. அதன் முதல் தாளான ஐந்து ரூபாய் 1938 சனவரியில் வந்தது. முதல் ஆளுநர் ஆஸ்போர்ன் சுமித்து எந்தத் தாளிலும் கையொப்பமிடாமலே பதவி விலகிவிட்டார். இரண்டாமவரான ஜேம்ஸ் டெய்லரின் ஒப்பத்துடனேயே தாள்கள் வந்தன. அவர் 1943-இல் இறந்தபின் ஆளுநரான தேஷ்முக்கே அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர். ஆங்கிலேய மன்னரின் முகத்தருகே இந்தியர் ஒருவர், வங்கியின் பெயரால், பணம் தருவதாக வாக்களித்து ஒப்பமிடுகின்றார்! போர்க்காலத்தில் ஜப்பானியர் திறமையாக அடித்த கள்ளத்தாள்களுக்கு அஞ்சி, மன்னரின் பக்கவாட்டு முகத்தை நேர்முகமாக்கி, பாதுகாப்பு இழையையும் முதன்முதலாகச் சேர்த்தனர். என் பாட்டிக்குச் சீராக வந்தது, பக்கவாட்டு முகத்துடன், இழையின்றி அமைந்த பழைய அமைப்பு. ஜப்பானியரிடமிருந்து தப்பி நடந்துவந்தவர் கையில், ஜப்பானியரால் மாற்றப்படவிருந்த தாள்.

விடுதலை பெற்றவுடன் மன்னர் முகத்திற்கு மாற்றாகக் காந்தியடிகள் உருவத்தை இடலாம் என எண்ணி, இறுதியில் சாரநாத்துச் சிங்கத் தூணையே தேர்ந்தனர். 1949-இல் அது ஒரு ரூபாய்த்தாளில் இடம்பெற்றது. ஒரு ரூபாய்த்தாள் இந்திய அரசின் வெளியீடு ஆதலின் அதில் நிதிச்செயலர் ஒப்பமிடுவார். 'தருவதாக வாக்களிக்கிறேன்' என்னும் தொடரும் அதில் இராது. நிதிச்செயலராகவும் பின்னர் ஆளுநராகவும் இருந்த மன்மோகன் சிங்கின் ஒப்பம் இருவகைத் தாளிலும் காணக் கிடைக்கின்றது. 1954-இல் வந்த ஆயிரம் ரூபாய்த்தாளில் நம் தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானம் எழுந்து நின்றது. அத்தாளைக் கண்ணால் கண்ட தஞ்சை உழவர் எத்தனை பேர் இருந்திருப்பர் என்பது வேறு வினா. 1978 சனவரியில் ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய்த்தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டபோது அதுவும் வெறுந்தாளாயிற்று. 1946-இலும் 2016-இலும் இவ்வாறே நிகழ்ந்தது. 2016-இல் செல்லாதாக்கப்பட்ட தாள்களைப் பற்றி 2017-இல் இயற்றிய சட்டம், பொதுமக்கள் பத்துத் தாள்களுக்கு மேலும், ஆய்வாளரும் சேகரிப்பாளரும் இருபத்தைந்து தாள்களுக்கு மேலும் வைத்திருத்தல் குற்றம் என்கிறது. நேற்றுவரை எத்தனை வைத்திருந்தால் அத்தனை மதிப்பு என்றிருந்த பொருளுக்கு இத்தனைக்கு மேல் வைத்திருக்கலாகாது என்னும் நிலை! ஆய்வாளர்க்கெனத் தனியே ஓர் எண்ணைச் சட்டம் குறித்திருப்பது அறிந்து எனக்குச் சிறு பெருமையும் உண்டாயிற்று.

மதிப்பிடும் முறையைச் சொல்லாமல் விடுதல் தகாது. பழமை மட்டுமே விலை தராது. எத்தனை எஞ்சியுள்ளன, எத்தனை பேர் தேடுகின்றனர், எந்நிலையில் உள்ளது என்னும் மூன்றும் சேர்ந்தே விலையாகின்றன. யார் கையொப்பம், எந்த ஆண்டு, எந்த முன்னெழுத்து, எந்த ஊர் என்று படித்துப் பார்த்தே அருமையை அறிவர். நிலை என்பதில் புழங்காத தாள் முதலிடம். ஒரு மடிப்பு விழுந்தாலும் ஒரு படி இறங்கும். கிழிசல், கறை, எழுத்து இருப்பின் பல படிகள் இறங்கும். வங்கிகள் கட்டுகளைக் கம்பியிட்டுத் தைத்த காலத்துத் தாள்களில் ஊசித்துளையை மட்டும் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்கின்றனர். எண் வரிசையில் 786 வந்தால் இலட்சங்கள் கிடைக்கும் என்று வீட்டிலுள்ள தாள்களையெல்லாம் புரட்டுவோர்க்கு ஒரு சொல்: ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி, பழந்தாள் வாங்குவதாகக் கூறி, முன்கட்டணமும் வரியும் கேட்டு ஏமாற்றுவோர் உளர் என்று 2021 ஆகஸ்டில் அவ்வங்கியே எச்சரித்துள்ளது. அவ்வாறு பணம் இழந்தோர் என் மாணவியர் இல்லங்களிலும் உண்டு.

புழங்காத தாளைப் போற்றுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. அச்சின் நேர்த்தியும் வண்ணமும் நீர்க்குறியும் பழுதின்றித் தெரிய ஒரு படி எங்கேனும் இருத்தல் வேண்டும். அதனைக் காப்பவர்கள் சேகரிப்பாளர்களே. அவர்கள் இன்றேல் மேலே சொன்ன செய்திகளிற் பாதி நமக்குக் கிட்டியிராது. என் வழக்கு இவ்வளவே. பத்தொன்பதாம் நூற்றாண்டு வணிகனின் ஒப்பமும் வெட்டும் ஒட்டும் சான்று எனில், இருபதாம் நூற்றாண்டுத் தமையனின் இரண்டு சொற்கள் மட்டும் எவ்வாறு அழுக்காகும்? மொய் எழுதிய மையும், சுமங்கலியர் தடவிய மஞ்சளும், கோயில் உண்டியல் குங்குமமும், முந்தானை முடிச்சின் சுருக்கமும் பணத்தாளைத் தமிழர் எவ்வாறு கையாண்டனர் என்பதற்குரிய நேர்ச்சான்றுகள். காசைத் தெய்வமாக்கித் தொட்டுக் கும்பிடும் நாட்டில், புழங்காத தாள்களை மட்டும் சேர்த்து வைத்தால் அச்சகத்தின் வரலாறு கிடைக்கும். ஊரின் வரலாறு கிடைக்காது. கழுவித் தேய்த்து விற்கப்படும் ஒவ்வொரு தாளிலும் என்ன எழுதியிருந்தது என்பதை இனி எவரும் அறிய இயலாது.

வணிகரிடம் இவற்றையெல்லாம் கூறினேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரிதாம்மா, ஆனா வாங்குறவர் கேக்க மாட்டாரே" என்றார். பிறகு, தாமாகவே உள்ளே சென்று, பழந்தாள்களுக்கெனச் செய்யப்பட்ட தெளிந்த உறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சாதாரண நெகிழி உறையில் வைத்தால் தாள் கெடும், மையும் ஒட்டிக்கொள்ளும் என்று எச்சரித்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

தம்பிக்கு முதலில் வருத்தம். மையெழுத்தைப் பெரிதாக்கி எடுத்த படத்தை அனுப்பினேன். மறுநாள் தொலைபேசியில் அழைத்து, 'ர்' என்னும் எழுத்தின் புள்ளியைப் பாட்டியும் இவ்வாறே சுழித்துத்தான் வைப்பார் என்றான். இருவரும் ஒரே திண்ணைப் பள்ளியில் பயின்றிருக்கக் கூடும். நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

சுவடிகளுக்கு விளக்க அட்டவணை எழுதும் என் குறிப்பேட்டில் இப்போது இந்தப் பதிவும் உள்ளது: ரூபாய்த்தாள், ஒன்று. ஐந்து ரூபாய். ஆறாம் ஜார்ஜ், பக்கவாட்டு முகம். கையொப்பம் சி.டி. தேஷ்முக். மடிப்பு நான்கு. வல மூலையில் மஞ்சள். நீர்க்குறி வெளியில் நீல மையில் இரு சொற்கள், முழுமையாகப் படிக்க முடிகிறது. எழுதியவர் பாட்டியின் தமையனார். நிலை: புழங்கியது.